இதர வசதிகள்

விடிவதற்கு முன்பே கோடரிச் சத்தம் தொடங்கிவிட்டது. நாங்கள் பதினோரு பேர். முத்தையாபுரத்துக்குத் தெற்கே, எங்கள் தெருவுக்கும் உப்பளத்துக்கும் நடுவில் உடைமுள் மரங்கள் அடர்ந்து கிடந்த உடங்காட்டை வெட்டிக்கொண்டிருந்தோம். புதிதாக நாற்பது பாத்தி கட்ட முதலாளிக்கு இடம் வேண்டியிருந்தது. ஆள் சேர்த்தவன் நான்தான். இரட்டைக் கூலி, விறகும் நமக்கே என்று வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டேன். உடைமுள் செருப்பைத் துளைத்துக் காலில் ஏறியது. உப்பில் வெடித்த உள்ளங்கையில் கோடரிக் காம்பு பட்டு எரிந்தது. ஆனாலும் சிரித்துப் பேசிக்கொண்டுதான் வெட்டினோம்.

கிழக்கு வெளுக்கும் நேரத்தில் தெருப் பெண்கள் நாலைந்து பேர் வந்தார்கள். எங்களைக் கண்டதும் அப்படியே நின்றார்கள்.

"ஏளா, அதுக்குள்ள வெறகு பொறக்க வந்துட்டியளா? மத்தியானமா வாங்க" என்று சத்தம் போட்டேன். மற்றவர்கள் சிரித்தார்கள். பெண்கள் திரும்பிப் போனார்கள். கடைசியாகத் திரும்பியவள் என் மனைவி தேவகனி.

அவர்கள் எதற்கு வந்தார்கள் என்று உனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். பிறந்து வளர்ந்த தெரு, எப்படித் தெரியாமல் போகும்? ஆண்களாகிய எங்களுக்கு ஒதுங்க அளத்து வரப்போரம் போதும். பெண்களுக்கு அந்த முள்மரங்கள்தான் சுவர். அது ஒரு தடவைகூட என் நினைப்பில் வரவில்லை. இன்றைக்கு அதைச் சொல்லும்போதும் நாக்கு கூசுகிறது.

இருபது நாள் கழிந்தது. எழுபத்தாறாம் வருஷத்துச் சித்திரை வெயில். நான் பாத்தியில் இறங்கி வாருபலகையால் உப்பை இழுத்துக் கரையில் ஒதுக்கிக்கொண்டிருந்தேன். பெண்கள் பெட்டியில் அள்ளித் தலையில் தூக்கிப்போய் அம்பாரத்தில் கொட்டினார்கள். வெள்ளை உப்பில் வெயில் பட்டுக் கண்ணைப் பறித்தது. திடீரென்று வரப்பில் ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். தேவகனி பெட்டியோடு விழுந்து கிடந்தாள்.

ஓடிப்போய்த் தூக்கி, தண்ணீர்ச் செம்பை உதட்டில் வைத்தேன். அரைமயக்கத்திலும் வாயை இறுக மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள்.

"குடி ளா. செத்துருவே."

"வேண்டாம்."

அம்பாரத்துப் பக்கம் நின்ற முதலாளி குடையோடு வந்தார். சேற்றில் கலந்த உப்பைத்தான் முதலில் பார்த்தார். "காலையில சாப்பிடாம வந்திருப்பா. இதுக்குத்தான் பொம்பளையள வேலைக்கு வைக்கப்பிடாதுங்கது" என்றார்.

எங்கள் வரிசையில் மூத்தவள் அந்தோணியம்மாள். அவள் முதலாளியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "அவ குடிக்க மாட்டா. நாங்க யாருமே குடிக்கதில்ல. குடிச்சா எங்கன போவ? காட்டைத்தான் நீங்க வெட்டி அடுப்புல வச்சிட்டியளே. இருட்டோட எந்திரிச்சு ரெயில் ரோட்டத் தாண்டிப் போயிட்டு வாரோம். பெறவு பொழுது இருட்டுதவரைக்கும் அடக்கிக்கிட்டுக் கெடக்கோம். உனக்குத் தெரியாதாக்கும்?"

தேவகனியைத் தோளில் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடினேன்.

டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னிடம் கேட்டார்: "மூத்திரப் பை முழுக்கப் புண்ணு. ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறாங்க?" பன்னிரண்டு வருஷம் அவளோடு வாழ்ந்தவன் நான். அவள் தண்ணீர் குடிப்பதைக் கவனித்ததே இல்லை.

அவள் வீடு திரும்பிய ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருவைக் கூட்டினேன். ஒவ்வொரு வீட்டு முன்னாலும் உடைவிறகு அடுக்கி வைத்திருந்தது. என் வீட்டு அடுக்குதான் பெரிது. அதன் பக்கத்தில் நின்று பேச வாயெடுத்தேன்.

"நான்தான் உங்களைக் கூட்டிட்டுப் போனேன். என் வாயாலதான் அவளுவள வெறகு பொறக்க வந்தியளான்னு கேட்டேன்" என்றேன். ஆண்கள் எல்லோரும் தலையைத் தொங்கப்போட்டிருந்தார்கள்.

"மேற்கு ஓரத்துல ரோட்டை ஒட்டி இன்னும் கொஞ்சம் காடு நிக்கி. நாளைக்கு அதையும் வெட்டணும்னு மொதலாளி சொல்லியாச்சு" என்றான் ஞானதீபம். எங்கள் தெருவில் எட்டாவது வரை படித்தவன் அவன் ஒருவன்தான்.

"அதைத் தொடப்பிடாது" என்றாள் அந்தோணியம்மாள். "தெருவுக்குன்னு ஒரு சங்கம் வையுங்க. ஒருத்தன் போய்க் கேட்டா ஒருத்தனை வெரட்டுவாரு. மொத்தமாப் போனா யாரை வெரட்டுவாரு?"

சங்கத்துக்கு என்னைத் தலைவனாக்கப் பார்த்தார்கள். எந்த முகத்தோடு ஒத்துக்கொள்வேன்? அந்தோணியம்மாளைத்தான் வைக்க வேண்டும் என்றேன். பெண்ணா என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். முணுமுணுத்தவர்களின் மனைவிமாரே முதலில் கையைத் தூக்கினார்கள்.

ஞானதீபம் மனு எழுதி வாசித்தான். "அளத்தில் குடிதண்ணீரும், பெண்களுக்கு இதர வசதிகளும் செய்து தருமாறு..."

"இதர வசதின்னா என்னது?" வாசலில் சுவரோடு சாய்ந்திருந்த தேவகனி கேட்டாள். குரல் பலவீனமாக இருந்தது.

ஞானதீபம் நெளிந்தான். "எப்படி மைனி அதைப் போயி... மனுவுல..."

"நாங்க சொல்ல வெக்கப்பட்டோம். நீங்க கேக்க வெக்கப்பட்டிய. அதுலதான் நான் ஆஸ்பத்திரியில கெடந்தேன். அடிச்சிட்டுக் கக்கூசுன்னு எழுது. அளத்துல ரெண்டு, தெருவுல ரெண்டு. கதவு வச்சுன்னும் எழுது."

ஞானதீபம் அடித்துவிட்டு எழுதினான். முப்பத்தேழு வீட்டிலும் கையெழுத்தும் கைநாட்டும் விழுந்தன.

திங்கட்கிழமை விடியற்காலையில் மேற்கு ஓரத்துக்குப் போனோம். கோடரி கொண்டு போகவில்லை. பெண்களும் வந்தார்கள். சூரியன் எழும்பும் நேரத்தில் முதலாளியின் கார் வந்து நின்றது.

"என்னலே செல்வதுரை, வெறுங்கையோட நிக்க?"

"இந்தக் காட்டை வெட்ட மாட்டோம் மொதலாளி" என்றேன்.

மனுவை அந்தோணியம்மாள் நீட்டினாள். அவர் வாங்கி, நாலு வரி படித்து, முகத்தைச் சுளித்தார். "த்தூ. பொம்பளைய கையெழுத்துப் போடுத காகிதமா இது? வெக்கமாயில்ல?"

"இருக்கு மொதலாளி" என்றேன். "ரொம்ப வெக்கமாயிருக்கு. அதனாலதான் வந்து நிக்கோம்."

"இத்தனை வருசமா இவளுவ எங்கன போனாளுவளாம்?"

"நீங்க வெட்டச் சொல்லி நாங்க வெட்டுன காட்டுக்கு."

"ஆத்தூர்ல இருந்து லாரியில ஆளைக் கொண்டாந்து மத்தியானத்துக்குள்ள முடிச்சிருவேன். நாளையில இருந்து ஒருத்தனும் அளத்துல கால் வைக்க முடியாது, பாத்துக்கோ."

மனுவைக் காருக்குள் எறிந்துவிட்டுப் போனார். கிழிக்கவில்லை என்றான் ஞானதீபம். கிழித்தால் என்ன, இன்னொன்று எழுதுவோம் என்றாள் அந்தோணியம்மாள்.

நாளைக்கு உலை எப்படி வைப்பது என்ற பயம் எல்லோர் முகத்திலும் இருந்தது. எனக்கும் இருந்தது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

வெயில் ஏறியது. தேவகனி என்னிடம், "அந்தத் தண்ணியைக் கொண்டாங்க" என்றாள். பெண்கள் கொண்டு வந்திருந்த குடத்திலிருந்து செம்பை நிறைத்துக் கொடுத்தேன். எல்லோர் முன்னிலும் அண்ணாந்து, நிறுத்தாமல், கடைசிச் சொட்டுவரை குடித்தாள். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த என் கண் கலங்கியது. செம்பு அந்தோணியம்மாளிடம் போனது. பிறகு அடுத்தவளிடம். குடம் காலியானதும் ஒருத்தி ஓடிப்போய் இன்னொரு குடம் கொண்டு வந்தாள்.

கொஞ்ச நேரத்தில் பெண்கள் இரண்டிரண்டு பேராக மேற்கு ஓரத்துக்குள் போனார்கள். நல்ல வெளிச்சத்தில், யாருக்கும் பயப்படாமல் போனார்கள். நாங்கள் ஆண்கள் சொல்லிவைக்காமலே சாலையைப் பார்த்துத் திரும்பி, காட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக நின்றோம். அன்றைக்குக் கோடரியோடு நின்ற அதே பதினோரு பேர்.

ஆத்தூர்ச் சாலையில் புழுதி எழும்பியது. லாரிதான். தோளோடு தோள் இன்னும் கொஞ்சம் நெருங்கி நின்றோம். ஒருவனும் திரும்பிப் பார்க்கவில்லை.