கமிட்டிக்காரரின் கணிப்பு

“உங்க பேச்சைக் கேட்டுத்தானே அத்தான் நான் கையெழுத்துப் போடாம இருந்தேன்?”

தம்பியின் குரல் எதிர்வீட்டு மாடிவரைக்கும் போனது. தெருவில் அன்று யாரும் டிவி போடவில்லை; தேவைப்படவில்லை. நடுவில் நின்ற அக்காவுக்குத்தான் யார் பக்கம் திரும்புவதென்று தெரியவில்லை. ஒரு பக்கம் கட்டியவர், மறுபக்கம் கூடப் பிறந்தவன். இரண்டு பேரிடமும் அலுத்துப்போயிருந்தாள்.

அத்தான் நிதித்துறை அதிகாரி. அவர் உட்காராத கமிட்டி இல்லை என்பதால் தெருவுக்கு அவர் கமிட்டிக்காரர். தம்பி அரசாங்க பஸ் பட்டறையில் ஃபிட்டர். நஷ்டத்தில் ஓடும் அந்தப் பட்டறையை மூடும் பேச்சு, கஜானா வறண்ட போதெல்லாம் தலைதூக்கும்.

முதல் தடவை ராணுவத் தளபதியின் ஆட்சி. ராத்திரியோடு ராத்திரியாகப் பாதிப் பட்டறைக்குப் பூட்டு. மூச்சுவிட ஆளில்லை. தளபதி போனதும், ஓட்டு வாங்கி வந்தவர்கள் முதல் வேலையாகப் பூட்டைத் திறந்தார்கள். அடுத்த நெருக்கடியின்போது நாலு கட்சிக் கூட்டணி. கட்சிக்கொரு தொழிற்சங்கம், சங்கத்துக்கொரு முறைப்பு. கமிட்டிக்காரர் அப்போது தன் வித்தையைக் காட்டினார். முடிவெடுக்கும் நேரம் பார்த்துத் துறையிடம் இன்னும் ஒரு புள்ளிவிவரம் கேட்டார். அது வருவதற்குள் வெளிநாட்டுக் கடன் வந்துவிட்டது. சீர்திருத்தம் பரணில் ஏறியது.

இந்த முறையும் அதே கூட்டணிதான்; ஆனால் வங்கிகளே அரசாங்கத்துக்குக் கதவைச் சாத்தின, அதிகாரிகளுக்கே சம்பளம் நின்றது. பட்டறை தனியாருக்குப் போகலாம், இப்போதே அரசாங்க வேலையிலிருந்து விருப்ப ஓய்வுக்குக் கையெழுத்துப் போட்டால் புதுக் கம்பெனியில் இடம் நிச்சயம் என்று அறிவிப்பு வந்தது. தம்பி போடத்தான் போனான். அத்தான்தான் தடுத்தார்.

“சீருடைக்காரன்னா பயப்படலாம் மாப்ளே. இவங்க நாளைக்கு ஓட்டுக்கு வரணும். நான் ஒரு புள்ளிவிவரம் கேட்டிருக்கேன், ஆறு மாசம் ஓடிடும்.”

மறுநாள் காலையே புள்ளிவிவரம் அவர் மேஜையில் இருந்தது. சொந்தச் சம்பளமே நின்றுபோனால் துறைக்கு இவ்வளவு சுறுசுறுப்பு வரும் என்று அவர் நினைக்கவில்லை. தனியாகப் பழி சுமக்க மனமில்லாத நாலு கட்சிகளும் பட்டறையை விற்க ஒரே சமயத்தில் கை தூக்கின. கையெழுத்துப் போட்டவர்கள் புதுக் கம்பெனிக்குள் போனார்கள். தம்பி வாசலில் நின்றான்.

அதற்குத்தான் இந்தச் சண்டை. நாலு பேரும் ஒன்றாகக் கை தூக்குவார்கள் என்று யார் கண்டது, இது உலகத்தில் எங்கும் நடக்காத கூத்து என்று கமிட்டிக்காரர் விளக்கிக்கொண்டே போனார். அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவில்லை.

“நாட்டுக்கு நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியாதுங்க. என் தம்பி பொழப்புக்குக் கமிட்டி போடச் சொல்லி உங்களை யாரு கேட்டா?”

தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

இரண்டு மாதத்தில் அவன் வீட்டைக் காலி செய்துவிட்டு, மனைவி பிள்ளைகளோடு கடல் தாண்டி எங்கோ லாரிக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தான். பட்டறை இப்போது லாபத்தில் ஓடுகிறதாம். அக்காவின் மகள் அந்தப் பட்டறையிலேயே கணக்குப் பிரிவில் இருக்கும் பையனைக் கட்டிக்கொண்டாள். நல்ல பையன்தான். கல்யாணத்துக்குத் தாய்மாமன் வரவில்லை.