முற்றத்தில் கூடாரம்

கரித்துண்டுகளின் வயது ஆய்வகத்திலிருந்து வந்த அன்று சைகல் அதை அப்படியே வீட்டில் சொல்லிவிட்டாள். கோடை முழுக்க மலையடிவாரத்தில் குழி வெட்டி, பழைய நிலநடுக்கங்களில் மண்ணடுக்குகள் எங்கெங்கே அறுந்து ஏறியிருக்கின்றன என்று பார்த்து, அவற்றின் காலம் அறியக் கரி பொறுக்கியவள் அவள்தான். நிலம் வருஷத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் நெருக்குகிறது. ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்கு ஒருமுறை, சேர்த்துவைத்ததை ஒரே உதறலில் தீர்த்துக்கொள்கிறது. கடைசியாக உதறி ஆயிரத்து நூறு வருஷமாகிறது. நிலம் அறுந்த அந்தப் பிளவு குழியிலிருந்து நேராக ஊருக்குள் வந்து, அவள் புகுந்த வீட்டின் அடுப்படிக்குக் கீழே போகிறது. பிளவை ஒட்டித்தான் ஊற்று கசியும். ஊற்றைப் பார்த்துத்தான் ஊரே அங்கு வீடு கட்டியது. யாரைக் குறை சொல்ல?

மாமியார் துர்துகான் பொறுமையாகத்தான் கேட்டாள்.

"சரி, எப்ப வரும்?"

"நாளைக்கும் வரலாம். இருநூறு வருஷம் கழிச்சும் வரலாம், அத்தை."

"இதைச் சொல்லவா இத்தனை வருஷம் படிச்சே?"

சைகல் கடைசி மகனின் மனைவி. ஊர் வழக்கப்படி அவனைப் பெற்றவர்களோடு அந்த வீட்டில் இருக்கவேண்டியது அவள்தான். புருஷன் நூர்தின் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருந்தான். போனில் கெஞ்சினால், அம்மாவிடம் கேள் என்று நழுவிவிடுவான். மண்கட்டிச் சுவர், மேலே கனத்த உத்தரம், அதற்கு நேர்கீழே குழந்தையின் மெத்தை. மெத்தையை அவள் எந்த மூலைக்கு இழுத்தாலும் அங்கேயும் ஒரு சுவர் இருந்தது.

மேய்ச்சலுக்குக் கொண்டுபோகும் கம்பளிக் கூடாரம் கொட்டகையில் கட்டிக் கிடந்தது. கம்பளி விழுந்தால் யாரும் நசுங்கமாட்டார்கள். குழந்தையோடு அதில் படுத்துக்கொள்கிறேன் என்று கேட்டுப் பார்த்தாள். விருந்து விசேஷம் இல்லாத நாளில் முற்றத்தில் கூடாரம் எழுந்தால், அந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான், சாவு. "உள்ள யாரைக் கிடத்தப் போறே?" என்று மட்டும் கேட்டுவிட்டு மாமியார் மாவு பிசையத் திரும்பினாள். மாமனார் எழுந்து கொட்டகைப் பக்கம் போனார்.

சந்தை நாளன்று பெரியவர்கள் இருவரும் குழந்தையோடு கிளம்பிப் போனதும், குழியில் கூட வேலை செய்த ரஷ்யக்காரர்கள் மூவரை அழைத்துவந்தாள். அவர்களுக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியாது. சிரித்துப் பேசியபடி கூடாரத்தை நிறுத்திக்கொடுத்துவிட்டுப் போனார்கள். எழுப்பிவிட்டால் பிறகு பிரிக்கச் சொல்ல மாமியாருக்கு மனம் வராது என்று எண்ணியிருந்தாள். எவ்வளவு மடத்தனம்.

முதலில் வந்தவர் பக்கத்து வீட்டு ஜுமாபெக். கோலை ஊன்றிக் குனிந்து, வாசலிலிருந்தே ஓலமிட்டபடி வந்தார். அவருக்குப் பின்னால் தெருவே வந்தது. பெண்கள் நேராகக் கூடாரத்துக்குள் போய், பிணம் இன்னும் வந்துசேரவில்லை போலும் என்று ஒப்பாரியைத் தொடங்கினார்கள். இல்லை, இல்லை என்று சைகல் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. துக்கத்தில் அப்படித்தான் பேசுவார்கள் என்று அணைத்துக்கொண்டார்கள்.

தெருமுனையிலேயே துர்துகானுக்கு ஓலம் கேட்டுவிட்டது. கிழவரும் பேரனும் அவளோடு இருந்தார்கள். அந்த வீட்டில் மருமகளை விட்டால் மிச்சமிருப்பது ஒருவன்தான். முற்றத்துக்கு வந்து மருமகளைக் கண்டவள் மண்ணில் முழங்காலிட்டாள்.

"என் நூர்தினா?"

ஓலம் நின்றது. எல்லாரும் சைகலைப் பார்த்தார்கள்.

"இன்னும் யாரும் இல்ல, அத்தை."

துர்துகான் மெல்ல எழுந்து, கிழவரின் கையிலிருந்த பேரனை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். உள்ளே தாழ் விழும் சத்தம் கேட்டது. அடுப்படி ஜன்னலுக்குப் பின்னால் குழந்தை நின்று, அம்மாவைப் பார்த்துச் சிரித்தபடி கண்ணாடியை இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தான்.