பீப்பாய்க்குள் ஒரு நல்வரவு

1

அன்புள்ள வாசகருக்கு, முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. என் தங்கை தொலைபேசியில் கேட்டாள்: “அண்ணா, நீ வாங்கிக் குடுத்த கால்மிதியைப் புதைக்கப் போறாங்க. வேற ஒண்ணு வாங்கித் தர்றியா?”

கால்மிதியைத் தூக்கி எறிவார்கள்; நாய் இழுத்துக்கொண்டு போகும். புதைப்பார்களா? பேனாவை எடுத்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: “அணுக்கழிவு என்பது மனிதகுலம் தன் தலையில் தானே…” [வேண்டாம். பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டி வாசனை.]

இரண்டாம் தொடக்கம்: “காலையில் கதவு அலறியது.” [இருக்கட்டும். எந்தக் கதவு என்று சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வீர்கள்.]

அணு உலையில் பயன்பட்ட கையுறை, துடைதுணி, வடிகட்டி எல்லாவற்றையும் பீப்பாயில் அடைத்து அடுக்கும் கிடங்கு அது. மாப்பிள்ளை அங்கே பீப்பாய் தூக்கும் வண்டி ஓட்டுகிறார். வாசலில் கதிர்வீச்சைச் சோதிக்கும் கதவு. அதைக் காப்பவள் என் தங்கை. வருகிறவர், போகிறவர் எல்லாரும் அதன் வழியாகத்தான் நடக்க வேண்டும், அவள் புருஷன் உட்பட.

3

அந்தக் கதவு கத்தினால், வெளியே போகிறவரைப் பார்த்துத்தான் கத்தும். அன்றைக்கு வீட்டிலிருந்து வேலைக்கு வந்த மாப்பிள்ளையைப் பார்த்துக் கத்தியது.

“என்னங்க, வீட்லேருந்து எதைக் கட்டிக்கிட்டு வந்தீங்க?”

மாப்பிள்ளை அசடு வழிந்தார். (இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம். அவ்வளவு பெரிய உடம்புக்கு இவ்வளவு பயமா? தங்கையிடம் படித்துக் காட்டினேன். “குறைச்சு எழுதியிருக்கே” என்றாள்.) நெஞ்சு கரித்ததும், கிடங்கு தன்னைத் தின்றுவிட்டது என்று முடிவுகட்டி, முந்தின நாள் மாலை வீட்டுக்குத் தெரியாமல் இதயத்தை ஸ்கேன் எடுத்திருக்கிறார். அதற்கு ஊசியில் ஏற்றும் மருந்து கொஞ்சம் கதிர்வீசும். மறுநாளும் கதவுக்குத் தெரியும்.

“அதான் ராத்திரி ஜலதோஷம்னு பாப்பாவைத் தூக்காம தனியா படுத்தீங்களா?”

“டாக்டர் தூக்க வேணாம்னார். ஒண்ணுமில்லையாம். வாயுவாம்.”

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பாதுகாப்பு அதிகாரி, “மருந்துதானேம்மா? அப்படியே எழுதிக்கோ” என்றார்.

[இங்கேயே முடித்தால் நல்ல துணுக்கு. தங்கை முடிக்க விடவில்லை.]

4

“நேத்து சாயந்திரம் போகும்போது நீங்க என் கேட்ல வரவே இல்லையே?”

“எங்க போறேன்னு கேப்பே… அதான் பின்னாடி லாரி கேட் வழியா…”

“அங்க சோதனைக் கதவே கிடையாதே! இந்த வேலை பூட்ஸோடவா போனீங்க?”

பூட்ஸைக் கழற்றச் சொல்லி, அவரைத் தள்ளி நிறுத்திவிட்டு, கதிர்வீச்சைக் காட்டும் கைக்கருவியை பூட்ஸின் அடியில் காட்டினாள். படபடவென்று பொரிந்தது.

“மருந்தை உங்களுக்குப் போட்டாங்களா, பூட்ஸுக்குப் போட்டாங்களா?”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் வீட்டில் தவழ்கிற குழந்தை இருக்கிறது. கையில் அகப்படுவதெல்லாம் வாய்க்குப் போகிற வயது.

(அடிக்குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்: தரையில் கிடக்கும் கழிவுத் தூசியைத் துடைத்துவிடலாம். வயிற்றுக்குள் போய், எலும்பில் குடியேறிவிட்டால் எந்தத் துணியால் துடைப்பது?)

5

“வீட்டுக்குள் கருவி அலற, அவள் மயங்கி…” [பொய். என் தங்கை மயங்குகிற ஆள் இல்லை.]

நடந்தது இது. அவர்கள் வீட்டு மாடிப்படியில் கருவி லேசாகப் பொரிந்தது. வாசலில் ‘நல்வரவு’ என்று எழுதிய என் கால்மிதியில் பலமாகப் பொரிந்தது. அவள் மண்டியிட்டாள். பாப்பா தவழும் வழியெல்லாம், நாற்காலிக்கு அடியில், கட்டிலுக்கு அடியில், தானும் தவழ்ந்தாள். அதிகாரி வாசலிலேயே நின்றார். உள்ளே கருவி எங்கேயும் முணுமுணுப்பதுபோல் முணுமுணுத்தது, அவ்வளவுதான்; பொரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரம்மா பாப்பாவைத் தூக்கிவந்தார். உள்ளங்கை, முழங்கால், வாயோரம், எல்லாம் சுத்தம். பாப்பா கருவியைத் தின்னப் பார்த்தது.

“பூட்ஸோட உள்ள வந்தா காலை உடைப்பேன்னு தினம் கத்துவேனே, இன்னைக்கு அது உதவிச்சு” என்றாள் தங்கை. பிறகுதான் அழுதாளாம். அதை எழுதக் கூடாது என்றாள். [எழுதிவிட்டேன்.]

6

கிடங்கின் அடிவரிசையில் ஒரு பீப்பாய் துருப்பிடித்துக் கசிந்திருந்தது. அந்தக் கசிவைத்தான் மாப்பிள்ளை மிதித்திருக்கிறார்.

“பாத்தியா, என்னாலதான் கண்டுபிடிச்சாங்க!”

“நேத்தே என் கேட்ல வந்திருந்தா நேத்தே கண்டுபிடிச்சிருப்போம்.”

கசிவு மண்ணில் எவ்வளவு இறங்கியது, வேலிக்கு அப்பால் கிணறுகள் வரை போனதா என்று இப்போது துளையிட்டுப் பார்க்கிறார்கள். ஆகவே இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். “மண் சுத்தமாக இருந்தது.” “கிணறுகளை மூடினார்கள்.” எதைக் கிழிப்பது என்று தெரியவில்லை.

கால்மிதியையும் பூட்ஸையும் புதுப் பீப்பாயில் போட்டுச் சிமென்ட் ஊற்றிவிட்டார்கள். அதைப் புதைத்து முந்நூறு ஆண்டு காவல் காக்க வேண்டுமாம். வெளியே பெரிய எழுத்தில் ‘திறக்காதே’. உள்ளே, நான் பேரம் பேசி வாங்கிய ‘நல்வரவு’.

அதற்குள் யாராவது உடைத்துப் பார்த்தால், இரண்டில் எதை நம்புவது என்று திகைப்பார். பக்கத்தில் நின்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். நான் அவ்வளவு நாள் தாங்கமாட்டேன். அவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதை நீங்கள் உங்கள் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். இந்தக் கதையின் கடைசி வரி அதுதான்.

இப்படிக்கு,
கால்மிதி வாங்கிக் கொடுத்தவன்.