திரையின் அடியில் ஓடிய எழுத்து

எங்கள் கூடத்துக்கும் பக்கத்து வீட்டுக் கூடத்துக்கும் நடுவில் ஒரே சுவர். அதில் காதை வைத்துக் கேட்கிற ஆள் நான் இல்லை, வைக்காமலே கேட்கும். அதனால்தான், பக்கத்து வீட்டு லிஃப்ட்காரர் ஹோம் தியேட்டர் வாங்கப் போகிறார் என்று தெரிந்ததும் நான் அந்தச் சுவரைத்தான் பார்த்தேன்.

லிஃப்ட்காரர் என்றால் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஓடுகிற லிஃப்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டு நின்று, எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். அவர் மனைவி வீட்டிலிருந்தபடியே படங்களுக்கு சப்டைட்டில் எழுதுகிறாள். யார் என்ன முணுமுணுத்தாலும் அதைத் திரையின் அடியில் எழுத்தாக ஓடவிட வேண்டும். அதுதான் வேலை.

கடைக்குப் போகிற அன்று அவள் என் வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, நீங்களும் கூட வரணும்."

"எதுக்குடி? சுவருல எனக்கும் பாதி பங்கு இருக்குன்னா?"

"இவருக்குக் காது மந்தமாகுதோன்னு பயமா இருக்குக்கா. பின்னால நின்னு கூப்பிட்டா திரும்பறதே இல்ல."

புருஷன் திரும்பாதது எல்லா வீட்டிலும் உள்ள வியாதிதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

"கேட்டா, டிவி ஸ்பீக்கர் மட்டம், நடிக்கறவங்க வாய்க்குள்ளயே பேசறாங்கன்னு சாதிக்கிறார். டாக்டர்கிட்ட வரவே மாட்டேங்கறார். இன்னிக்கு நல்ல ஸ்பீக்கர்ல போட்டுக் கேட்டுப் புரிஞ்சுட்டா, டிவிதான் மட்டம். புரியலன்னா..."

காதை நம்பி லிஃப்ட் கூண்டின் மேல் ஏறி நிற்கிற மனுஷன்.

கடையில் லிஃப்ட்காரர் பையிலிருந்து அளவு டேப்பை எடுத்து மேஜைமேல் வைத்தார். கூடத்தை மூலை முடுக்கு விடாமல் அளந்து வந்திருந்தார்.

"அஞ்சு ஸ்பீக்கர் செட்டுதான். முன்னால மூணு, பின்னால ரெண்டு."

"பின்னால எங்க? சோபா சுவரோட ஒட்டிக் கிடக்கு. என் தலைமேல வைப்பீங்களா?" என்றாள் அவள்.

"எதுக்கு தம்பி அவ்வளவு? டிவிக்கு அடியில நீட்டமா ஒண்ணு, சவுண்ட் பார், அது போதும்" என்றேன் லிஃப்ட்காரரிடம். சுவருக்காகத்தான் சொன்னேன், யோசனை மாதிரி கேட்டது.

விற்பனைப் பையன் முதலில் சவுண்ட் பாரில் ஒரு காட்சியைப் போட்டான். வெளியே மழை. நின்றுபோன காருக்குள் இருவர் கிசுகிசுத்தார்கள். லிஃப்ட்காரர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். அவள் திரையைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்தாள். காட்சி முடிந்தது.

"அவ என்ன சொன்னா, சொல்லுங்க பாப்போம்."

"சாவியை அவர்கிட்டயே குடுத்துட்டேன், இனிமே கேக்காதன்னா."

அட்சரம் பிசகவில்லை. அவள் என் கையைப் பிடித்து அமுக்கினாள். "டிவிதான்க்கா மட்டம்."

நானும் நிம்மதியாக மூச்சு விட்டிருப்பேன். ஆனால் பையன் அதே காட்சியில் படத்தை நிறுத்தி வைத்திருந்தான். திரையின் அடியில், மஞ்சள் எழுத்தில், சாவி விஷயம் அப்படியே நின்றது. பொழுதெல்லாம் அந்த எழுத்தில் உழல்கிறவளுக்கு அது டிவியின் விளிம்பு மாதிரி ஆகிவிட்டது போலும். கண்ணிலேயே படவில்லை.

பிறர் வீட்டு விஷயத்தைச் சொல்ல என் நாக்கு கூசியது அதுதான் முதல் தடவை. பேசாமல் இருந்தால் அவள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவாள். அவர் நாளைக்குக் கூண்டின் மேல் ஏறுவார்.

"தம்பி," என்றேன் பையனிடம், "அடியில ஓடற எழுத்தை எடுத்துட்டு, வேற ஏதாவது போடேன்."

லிஃப்ட்காரர் என்னைப் பார்த்தார். கோபமில்லை, இருட்டில் இல்லாத படியில் கால் வைத்தவர் பார்வை.

வேறு காட்சி ஓடியது. இரண்டு பேர் சாப்பாட்டு மேஜையில் பேசினார்கள். எனக்கே தெளிவாகக் கேட்டது.

"இது சரியில்ல. பெருசைப் போடுங்க" என்றார் லிஃப்ட்காரர்.

பெரியதைப் போட்டான். அப்புறம் அதைவிடப் பெரியது. தரை அதிர்ந்தது, அடுத்த பகுதியில் ஃப்ரிட்ஜ் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். அவள் எழுத்து இல்லாத திரையின் அடியைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"நிறுத்திடுப்பா" என்றார் கடைசியில். பிறகு அவளிடம், தரையைப் பார்த்தபடி: "வீட்டுல நீ எழுதிப் போடற படமெல்லாம் புரியுது. எனக்குக் கேக்குதுன்னே நெனச்சுட்டேன்."

"வேலையில?"

"இப்பல்லாம் கையை வச்சுத்தான் பாக்கறேன். அதிர்வுல தெரிஞ்சுடும்." உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு, "பாதி தெரியும்."

"இங்கேர்ந்து நேரா காது டாக்டர்கிட்ட போறோம்" என்றாள். அவர் மறுக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எதுவும் வாங்காமல் கிளம்பினோம். என் சுவர் பிழைத்தது, சந்தோஷம்தான் வரவில்லை. அவர் முன்னால் நடந்தார்.

"சார், டேப்பை விட்டுட்டீங்க" என்று பின்னாலிருந்து பையன் கூப்பிட்டான். மறுபடி கூப்பிட்டான். அவர் நடந்துகொண்டே இருந்தார். அவள் கத்தப் போனாள், வாயை மூடிக்கொண்டாள். டேப்பை வாங்கிக்கொண்டு ஓடிப்போய் அவர் தோளைத் தொட்டாள்.

"ரொம்ப நேரமா கூப்பிட்டியா?"

"இல்லையே, இப்பதான்" என்றாள்.