அபெனியின் பெயரில் முளைத்த கொம்புகள்

அபெனியின் பெயருக்குக் கொம்பு முளைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று நைஜீரியாவின் இபாதான் நகரில் நாள் முழுக்க மின்சாரம் இருந்ததால் பலருக்கும் அந்த நாள் நினைவிருக்கிறது. அவள் தாதியாக இருந்த மருத்துவமனையின் அறிவிப்புப் பலகையில் அவள் பெயர் மட்டும் மேலே ஏறிக் கூரையை முட்டியது. கீழே இறங்கித் தரையில் வேர்விட்டது. துப்புரவுக்காரி பெருக்கிப் பார்த்தாள், வரவில்லை. சுற்றிக்கொண்டு போனாள்.

காரணம் அவள் கணவன் அகின்லாபி. டுக்பே சந்தையில் கைபேசிக் கடை வைத்திருந்தான். அவர்கள் பேசும் யொருபா மொழியில் எழுத்தின் தலைமேலும் காலடியிலும் குறிகள் உண்டு. கணினிக்கு அவற்றைக் கற்றுக்கொடுத்தவர்கள், ஓர் எழுத்தின்மேல் எத்தனை வைக்கலாம் என்று வரம்பு போடாமல் விட்டுவிட்டார்கள். அகின்லாபி காசு வாங்கிக்கொண்டு, கேட்டவர் பெயரில் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவான். பெயர் தீப்பிடித்ததுபோல், பேய் உலுக்கியதுபோல் ஆகும். “பார்த்தா பயப்படணும்ணே” என்று இளவட்டங்கள் கடையை மொய்த்தார்கள்.

அபெனிக்கு இங்கிலாந்தில் வேலை கிடைத்திருந்தது. “நீ போயிட்டா நான் என்ன பண்றது?” என்றான் அவன். “நீங்களும் பின்னாடியே வாங்க” என்றாள். வரமுடியாது என்று இருவருக்கும் தெரியும். அவன் சிரித்தபடியே அவள் பெயரைத் தட்டி, கைபேசி தாங்குமளவு குறிகளை ஏற்றி அவளுக்கே அனுப்பினான். “இதைப் படிக்கத் தெரிஞ்சவன் உன்னைக் கூட்டிட்டுப் போகட்டும்.” அவளும் சிரித்தாள். மறுநாள்தான் அந்தச் செவ்வாய்.

விமான நிலைய அதிகாரி, அதே கொம்புகள் முளைத்திருந்த கடவுச்சீட்டைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார். “இது பேரா, முள்வேலியாம்மா?”

“பேருதாங்க” என்று அவள் அதைச் சொன்னபோது, வானொலியில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே கேட்கும் இரைச்சல்தான் வாயிலிருந்து வந்தது. அவர் குத்திய முத்திரை கொம்புகளுக்கிடையே வழுக்கி மேசையில் விழுந்தது. “அடுத்தவங்க வாங்க” என்றார்.

அகின்லாபி உட்கார்ந்து குறிகளை ஒவ்வொன்றாகப் பறித்தான். பறித்த இடத்தில் இரண்டு முளைத்தன. போதகர் எண்ணெய் தடவினார். மசூதி அல்ஃபா ஓதி, வசனம் எழுதிய மையைக் கரைத்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார். லாகோஸில் ஒரு கணினிக்காரன் நெடுநேரம் பார்த்துவிட்டு, “அடியில எழுத்தே இல்லண்ணே. எல்லாத்தையும் தின்னுடுச்சு” என்றான். கெஞ்சிக் கேட்டுப் பெற்றவள் என்று அந்தப் பெயருக்குப் பொருள். பெற்ற தாயாலும் அதைச் சொல்ல முடியவில்லை. தொலைபேசியில் கொஞ்சநேரம் இரைந்துவிட்டு வைத்துவிடுவாள். தமிழ் எழுத்தில் மட்டும் அந்தப் பெயர் சாதுவாக நிற்கிறது, ஏனென்று தெரியவில்லை. பிள்ளை இருந்திருந்தால் ஊர் வழக்கப்படி இன்னாரின் அம்மா என்று அழைத்துவிடலாம். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. கூப்பிட முடியாதவளை மருத்துவமனையும் வேலைக்குக் கூப்பிடாமல் விட்டது.

ஒருநாள் அவள், “என்னை ஒரு தடவை கூப்பிடுங்க” என்றாள். அவன் வாயைத் திறந்தான். இரைச்சல் வந்தது. மறுபடி முயன்றான்.

“போதும் விடுங்க. அமலாக் களி ஆறுது, சாப்பிடுங்க.”

அவள் ஒருமுறைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று அவன் பல வருடங்கள் நினைத்துக்கொண்டிருந்தான். அவள் போகவில்லை, அவன் ஆசைப்பட்டது நடந்தது. ஒரே வீட்டில், எதற்கும் அழைத்துக்கொள்ளாமல் இருவரும் கிழடானார்கள். இளவட்டங்கள் தங்கள் பெயரைத் தாங்களே சிதைத்துக்கொள்ளப் பழகியதால் கடை நின்றது. அவர்களில் யார் பெயருக்கும் எதுவும் ஆகவில்லை.

ஒரு மழைக்காலக் காய்ச்சலில் அவள் போய்ச் சேர்ந்தாள். வழக்கப்படி வீட்டு முற்றத்திலேயே புதைத்தார்கள். கொத்தனார் கடவுச்சீட்டைப் பார்த்து, தெரிந்த கோடுகளை அப்படியே கல்லில் வெட்டினார். முதல் மழைக்குக் கல்லிலிருந்து கொம்புகள் கிளம்பி மதிலைத் தாண்டின.

பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். “அய்யா, இதுல துணி காயப்போட்டுக்கலாமா?”

அகின்லாபி கொம்பில் சிக்கியிருந்த சருகை எடுத்துப் போட்டார். “போட்டுக்கம்மா.”

இப்போது அந்தத் தெருவின் பாதித் துணிகள் அங்கேதான் காய்கின்றன. சட்டைக் கை கிழியாமல் எடுக்கப் பெண்களுக்குப் பழகிவிட்டது.