முதல் தடவை கேட்கவில்லை

சென்னை விமான நிலையத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு, வானிலைத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்த ஐரினிடம் கேப்டன் ராஜபாண்டி வந்து, தன் அப்பா காலையில் தவறிவிட்டதாகச் சொன்னார். செருப்பு அறுந்துபோனதைச் சொல்வது போலத்தான் சொன்னார். அவருக்கு மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டிப் பக்கம் ஊர். அப்பா பெயர் மொக்கையன். ஊரான் காட்டில் கூலிக்குக் களையெடுத்து மகனை விமானம் ஓட்ட வைத்த மனுஷன். மறுநாள் சனிக்கிழமை, அன்றைக்குப் பிணம் எடுக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் ஆறரைக்குள் எடுத்தாக வேண்டும். அப்பனுக்கு மூத்த மகன்தான் கொள்ளி வைக்க வேண்டும். மூத்த மகனோ இங்கே சீருடையில் நிற்கிறார்.

வீட்டில் சாவு என்றால் விமானி தானாகவே கம்பெனியிடம் சொல்லி ஒதுங்கிவிட வேண்டும், அதுதான் விதி. சொன்னால் மாற்றுக் கேப்டன் வந்து சேர இரண்டு மணி நேரம் ஆகும், அதுவரை விமானமும் கிளம்பாது. வேறு விமானத்தில் இடமில்லை. காரில் போனால் எல்லாம் முடிந்த பிறகுதான் போய்ச் சேர முடியும். ஆக, மதுரைக்குப் போகிற இந்த விமானத்தை இவரே ஓட்டிக்கொண்டு போனால்தான் அப்பா முகத்தைப் பார்க்கலாம்.

"நாலே முக்காலுக்கு எறங்கிட்டா ஆறு மணிக்கு வீட்டுல இருப்பேன். யார்ட்டயும் சொல்லிறாத தாயி" என்றார்.

ஐரின் மதுரை தல்லாகுளத்துப் பெண். மிஷன் பள்ளி வாத்தியார் லாசரின் மகள். துணை விமானியாகி இரண்டு வருஷம். ஊர்க்காரர் என்பதால் தரையில் அவரை அண்ணே என்பாள், மேலே போனால் கேப்டன் என்பாள். முடியாது என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். எந்த மதுரைக்காரிக்கு அப்படிச் சொல்ல வாய் வரும்? அப்பன் சாவுக்கு வராத மகனை, அவன் பேரன் பேத்தி எடுத்தாலும் ஊர் விடாது. "சரிண்ணே" என்றாள். அந்த ஒரு சொல்லோடு விஷயம் இரண்டு பேருடையதாகிவிட்டது.

அக்டோபர் மாசத்து மதுரை வானத்தை நம்புகிறவன் முட்டாள். மத்தியானம் வரை மண்டையைப் பிளக்கிற வெயில் அடிக்கும், நாலு மணிக்கு மேற்கே இருட்டிக்கொண்டு வரும். அன்றைக்கும் மதுரையை நெருங்கியபோது ரேடார் திரையில் நாகமலைப் பக்கம் ஒரே சிவப்பு. கோச்சடை வரை மழை வந்துவிட்டது, காற்று திசை மாறுகிறது என்று டவரில் இருந்தவர் சொன்னார். பத்து நிமிஷத்துக்கு முன்னால் ஒரு விமானம் இறங்கிவிட்டது என்றும் சேர்த்துச் சொன்னார். பாழாய்ப்போன அந்தத் தகவலை அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

இருபது நிமிஷம் வட்டமடித்துப் பார்க்கலாமே என்று ஐரின் கேட்டாள். அதன் பிறகு திருச்சிக்குப் போகவும் சேர்த்தே எரிபொருள் இருந்தது. ராஜபாண்டி கடிகாரத்தைப் பார்த்தார். அதற்கு நேரமில்லை, சமாளித்துவிடலாம் என்றார்.

ஆயிரம் அடியில் ஓடுபாதை விளக்குகள் தெரிந்தன. எழுநூறு அடியில் மழை அறைந்தது. விமானத்தின் வேகம் திடீரென்று இருபது நாட் ஏறி, மறு மூச்சில் முப்பது நாட் விழுந்தது. உட்கார்ந்திருந்த பலகையை யாரோ உருவிய மாதிரி இருந்தது. கண்ணாடியில் தண்ணீரைத் தவிர எதுவும் தெரியவில்லை. இந்த மாதிரி நேரத்தில் இருவரில் யார் வேண்டுமானாலும் 'கோ அரவுண்ட்' என்று சொல்லலாம். சொல்லிவிட்டால் ஓட்டுகிறவர் மறுபேச்சில்லாமல் விசையைத் தள்ளி மேலே ஏறிவிட வேண்டும்.

ஐரின் சொன்னாள். ராஜபாண்டியின் கை அசையவில்லை. விமானம் பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் நூற்று எழுபது பேர் இருந்தார்கள்.

"அண்ணே, கோ அரவுண்ட்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத் தன் கையையும் விசைக்குக் கொண்டுபோனாள். அதற்குள் அவர் தள்ளிவிட்டார். இன்ஜின் அலறியது, பின்னால் நாலைந்து பேரும் அலறினார்கள். மேகத்துக்கு மேலே வந்தார்கள். பிறகு திருச்சிக்குத் திருப்பினார்கள்.

திருச்சியில் வெயில் அடித்தது. முன் வரிசைக்காரர் ஒருவர், முன்னால் வந்த விமானம் இறங்கியதாமே, உங்களுக்கு மட்டும் என்ன கேடு என்று பணிப்பெண்ணைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். ராஜபாண்டி ஊருக்குப் போன் போட்டார். தம்பி தங்கப்பாண்டி எடுத்தான். அங்கேயும் கொட்டித் தீர்க்கிறதாம், மழை விட்டால்தான் எடுக்க முடியும், அண்ணனுக்காக எட்டு மணி வரை வைத்திருக்கச் சொல்லிவிட்டேன் என்றான். அதற்கு மேல் பெரியவர்கள் கேட்க மாட்டார்கள் என்றும் சொன்னான்.

ஆறு மணிக்குக் கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. மதுரையில் வானம் தெளிந்துவிட்டது, எரிபொருள் நிரப்பியாயிற்று, உடனே கிளம்பலாம். ஐரின் மனசுக்குள் கணக்குப் போட்டாள். சாலையில் போனால் எட்டு மணிக்குள் முடியவே முடியாது. விமானத்தில் போனால் ஆறரை மணி சுமாருக்கே இறங்கிவிடலாம், அங்கிருந்து காரில் ஊர் எட்டிப்பிடிக்கிற தூரம்தான். கர்த்தர் கண் திறந்துவிட்டார் என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

ராஜபாண்டி பெல்ட்டை மாட்டாமல் உட்கார்ந்திருந்தார்.

"நீ எத்தன தடவ சொன்ன?" என்று கேட்டார்.

"ரெண்டு தடவண்ணே."

"எனக்கு ஒண்ணுதான் கேட்டுச்சு."

ஐரின் பேசாமல் இருந்திருக்கலாம். அவளா இருப்பாள்? இப்போதுதான் மழை இல்லையே, நானே ஓட்டுகிறேன், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தால் போதும் என்று கெஞ்சினாள். பக்கத்தில் உட்காருகிறவருக்கும் காது கேட்க வேண்டும் என்றார் அவர்.

அவரே கம்பெனியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார். அப்பா இறந்தது, மறைத்தது, முதல் தடவை கேட்காமல் போனது. லைசென்ஸ் போனாலும் போகலாம் என்பது இரண்டு பேருக்குமே தெரியும். துணை விமானிக்கு ஒன்றும் தெரியாது என்று அவர் ஆரம்பித்தபோது ஐரின் போனைப் பிடுங்கினாள். தனக்கும் மூன்று மணியிலிருந்தே தெரியும் என்றாள். வேறு ஆட்களை அனுப்புகிறோம், அவர்கள் வர எட்டு மணி ஆகிவிடும், இரண்டு பேரும் இறங்கிவிடுங்கள் என்றது அந்தப் பக்கம்.

அதன் பிறகுதான் தம்பிக்குப் போன் போட்டார். அக்கம்பக்கத்துச் சத்தத்தில் அவனுக்குக் காது கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டு உரக்கப் பேசினார்.

"தங்கப்பாண்டி, நான் வரல. நீயே கொள்ளி வச்சிரு."

"ஏண்ணே? இங்க மழை விட்டுருச்சு. மதுரையிலயும் வெறிச்சிருச்சாம்ல."

"மழையெல்லாம் விட்டுருச்சுடா. நான்தான் சரியில்ல. இந்த நெலமையில நான் ஓட்டக் கூடாது."



"அப்ப மத்தியானம் அம்புட்டுச் சனத்தையும் ஏத்திக்கிட்டு எப்பிடிண்ணே ஓட்டுன?" என்று கேட்டான்.

ராஜபாண்டி ஐரினைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தப்புத்தான்டா" என்றார். "நீ ஆக வேண்டியதப் பாரு."