பாயைத் தூக்கியவன்

என் தம்பி எழுதிய புத்தகத்தின் முதல் பதிப்பு, என் வீட்டு மேசையின் ஆடுகிற காலுக்குக் கீழே கிடக்கிறது. வருகிறவர்கள் பார்த்துவிட்டு, நீதிபதி ஐயா புத்தகமாச்சே என்று பதறுகிறார்கள். பதறட்டும். அந்தப் புத்தகம் உருப்படியாகச் செய்கிற ஒரே வேலை அதுதான்.

தம்பி பெயர் ஃபாலானிகோ. சின்ன வயதிலேயே வாய்க்காரன். மீனைப் பங்கு போடும்போதுகூட வழக்காடுவான். உதவித்தொகையில் நியூசிலாந்து போய்ச் சட்டம் படித்தான், அங்கேயே பேராசிரியரானான். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஊர் ஊராகப் போய்ப் குடும்பப் பட்டம் பெற்ற கிழவர்களின் வாயைக் கிளறி, அந்தப் புத்தகத்தை எழுதினான். அத்தனையும் பாயைப் பற்றியது. எங்கள் சமோவாவில் ஒருவன் ஓர் உயிரை எடுத்துவிட்டால், விடியுமுன் அவன் குடும்பம் செத்தவர் வீட்டு முன்னால் வந்து, பரம்பரைப் பாயைத் தலைக்குமேல் போர்த்திக்கொண்டு தரையில் குனிந்து உட்காரும். வீட்டார் இறங்கி வந்து பாயைத் தூக்கினால் மன்னித்தாயிற்று; பாயும் அவர்களுக்கே. தூக்கும்வரை வெயிலோ மழையோ, அங்கேயேதான் இருக்க வேண்டும். நீதிமன்றம் தண்டனை சொல்லும்போது இதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று தம்பி எழுதினான். எல்லோரும் கைதட்டினார்கள். அரசாங்கமே கூப்பிட்டு அவனை நீதிபதி ஆக்கியது.

முதல் பக்கத்தில் "என் அக்கா டெலேசியாவுக்கு" என்று அச்சடித்திருந்தான். அது எங்கள் முறை. கூடப் பிறந்தவள் சொல்லுக்கு ஆண்பிள்ளை கட்டுப்பட்டவன். விருந்தில் முதல் தட்டு எனக்குத்தான் வரும். குடும்பத் தலைவர் பட்டத்தை அவனுக்குக் கொடுக்கும்போதுகூட என்னைக் கேட்டுத்தான் கொடுத்தார்கள். தலையாட்டினேன். அந்தத் தலையை எங்கே கொண்டுபோய் முட்டிக்கொள்வது?

என் மகள் லூபே, கோயிலில் ஞாயிறு ஆராதனைக்கான பாட்டு ஒத்திகை முடிந்து சாலையோரமாக நடந்து வந்துகொண்டிருந்தாள். பக்கத்து ஊர்க் கடைக்காரர் மகன் அபேலு, குடித்த வாயோடு வண்டியை அவள்மேல் ஏற்றினான். ஒரே பெண் எனக்கு.

அடக்கம் செய்யும் அன்று விடியலில் அவர்கள் வந்தார்கள். எங்கள் வீட்டுக்குச் சுவர் கிடையாது, தூண்கள்தான். மகளின் சவப்பெட்டியை அணைத்தபடி படுத்திருந்த எனக்கு எல்லாம் தெரிந்தது. பாய்க்குக் கீழே கடைக்காரர் இருந்தார், அவர் மனைவி இருந்தாள், சித்தப்பன் பெரியப்பன் எல்லோரும் இருந்தார்கள். அபேலுவைக் காணோம். அவனைத் தலைநகரில் அத்தை வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு வந்திருந்தார்கள். சரி, உட்காருங்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவனைக் கொண்டுவந்து உட்காரவைக்கும்வரை இங்கேயே வேகுங்கள். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அவன் என் மகள் முன்னால் தலை குனிய வேண்டும்.

நான் எழுந்து உட்காருமுன் தம்பி இறங்கிப் போய்விட்டான். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. பாயைத் தூக்கினான், கடைக்காரரைக் கட்டிக்கொண்டான், அழகாகப் பேசினான். ஊரே அழுதது. ஏதோ சட்ட மாநாட்டுக்கு வந்து அவனோடு தங்கியிருந்த வெள்ளைக்காரப் பேராசிரியர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

ஏன்டா என்னைக் கேட்கவில்லை என்று அன்றே கேட்டேன்.

"குடும்பத் தலைவன் நான்தானேக்கா. வயசானவங்கள எவ்வளவு நேரம் தரையில உக்கார வைக்கிறது? ஊரு என்னைத்தானே பாக்குது."

"ஊரு உன்னைப் பாத்துச்சு. நீ யாரைப் பாத்த?"

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

அபேலுவின் வழக்கை விசாரித்த நீதிபதி தம்பியிடம் படித்தவர். புத்தகத்தை மேற்கோள் காட்டினார். இறந்தவரின் குடும்பம் மனமுவந்து பாயைத் தூக்கிவிட்டது என்று தீர்ப்பில் எழுதினார். மனமுவந்தாம்! சிறை இல்லை. கொஞ்ச காலம் வண்டி ஓட்டக்கூடாது, கோயில் தோட்டத்தில் புல் வெட்ட வேண்டும், அவ்வளவுதான். லூபே பாடிய அதே கோயில். அந்தப் பயல் அங்கே சீட்டியடித்தபடி புல் வெட்டுவதை ஞாயிறுதோறும் பார்த்தேன்.

அடுத்த வருடம் தம்பி மூத்த நீதிபதியானான். ஊரில் பெரிய விருந்து வைத்தார்கள். பன்றிகள் சுட்டார்கள், பாதிரியார் ஜெபம் செய்தார். முறைப்படி என்னைத் தம்பிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து முதல் தட்டைக் கொடுத்தார்கள். அதோடு புத்தகத்தின் புதிய பதிப்பையும் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். அட்டையில் தம்பியின் கை பாயைத் தூக்கிக்கொண்டிருந்தது. பின்னால், தூண்களுக்கு நடுவில், லூபேயின் பெட்டியின் ஒரு மூலை தெரிந்தது.

என் தட்டைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தேன். அக்கா வாழ்த்துச் சொல்லப் போகிறாள் என்று எல்லோரும் அமைதியானார்கள். தம்பி எழுதியதிலிருந்தே இரண்டு வரி வாசித்தேன். குற்றம் செய்தவனே பாயின் கீழ் இருக்க வேண்டும். அதைத் தூக்கும் உரிமை, இழப்புக்கு ஆளானவருக்கு மட்டுமே உண்டு.

"நல்லா எழுதியிருக்கான். என் தம்பி இதைப் படிச்சதில்லை போல" என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் இறங்கி நடந்தேன். அக்கா சாப்பிடாத விருந்தில் வேறு யாரும் கை வைக்க முடியாது. சுட்ட பன்றியெல்லாம் சும்மா ஆறிப்போனது.

மறுநாள் விடியலில் நாய் குரைத்தது. எழுந்து பார்த்தேன். வாசலில் ஒரு பாய், கீழே ஒரே ஓர் ஆள். பாயின் ஓரத்துச் சிவப்பு இறகுகளை வைத்தே கண்டுபிடித்துவிட்டேன். கடைக்காரர் குடும்பம் லூபேக்காகக் கொண்டுவந்த அதே பாய். குடும்பத் தலைவன் என்பதால் இத்தனை நாள் அது தம்பி வீட்டில்தான் இருந்தது.

வெயில் ஏறியது. பாதிரியார் வந்து, நாட்டுக்கே நீதி சொல்கிறவர், தூக்கிவிடம்மா என்றார். கோயிலுக்கு நேரமாகிறது, கிளம்புங்கள் என்றேன். ஊர்க்காரர்கள் சாலையில் கூடி நின்றார்கள். கடைசியில் பாய்க்குக் கீழேயிருந்து குரல் வந்தது.

"தப்பு பண்ணிட்டேன்க்கா. உன்னைக் கேக்காம தூக்கிட்டேன். நீ தூக்குற வரைக்கும் எழுந்திரிக்க மாட்டேன்."

அழுகிறான் என்று தெரிந்தது. என் கூடப் பிறந்தவன், நான் முதுகில் சுமந்து வளர்த்தவன். கை தானாக நீண்டது. கோபம்தான் அதைப் பிடித்துப் பின்னால் இழுத்தது.

எங்கள் வழக்கப்படி லூபேயை வீட்டு முன்னாலேயே புதைத்திருக்கிறோம். வெள்ளையடித்த கல்லறை அவனுக்கு நேர் பின்னால் இருந்தது. வந்தவன் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தான்.

"ஆளு மாத்தி உக்காந்திருக்கடா" என்றேன். "உரிமை உள்ளவ உன் முதுகுக்குப் பின்னால படுத்திருக்கா. அந்தப் பக்கம் திரும்பி உக்காரு. அவ எந்திரிச்சு வந்து தூக்கினா வீட்டுக்குப் போ."

பாய் முட்டியால் ஊர்ந்து, மெதுவாகக் கல்லறைப் பக்கம் திரும்பியது. நான் அடுப்பு மூட்டப் போனேன்.